ஏழு சதவீத இறக்கம்

அமெரிக்காவில் பிக்கப் விளம்பரம் எதைப் பார்த்தாலும் ஓர் எண் கொட்டை எழுத்தில் இருக்கும்: இத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும். 11,000, 12,000, 13,000 என்று கம்பெனிக்குக் கம்பெனி போட்டி. இத்தனை பவுண்டை நிறுத்தும் என்று எந்த விளம்பரமும் சொல்லி நான் பார்க்கவில்லை. சொல்லவும் முடியாது. பின்னால் கட்டிய கனமான டிரெய்லரை நிறுத்த பிக்கப்பின் பிரேக் மட்டும் போதாது. டிரெய்லர் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். கொலராடோ உள்ளிட்ட பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டிய டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்தப் பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்ப்பது வண்டிக்காரன் பொறுப்பு. விற்றவர்கள் மலைக்குக் கூட வரப்போவதில்லை.

டென்வருக்குக் கிழக்கே அரோராவில் இருக்கும் அக்காவும் அத்தானும் பழைய கேம்பர் ஒன்று வாங்கியிருந்தார்கள். 26 அடி நீளம், இரண்டு அச்சு, நான்கு சக்கரம். உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், அக்கா அடம்பிடித்துத் தேடிய நல்ல கழிப்பறை. செப்டம்பர் கடைசியில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும் சமயம், இன்டர்ஸ்டேட் 70 வழியாக ராக்கி மலையைத் தாண்டி ஃபுரூட்டா வரை போய்வருவதென்று திட்டம். போக சுமார் 260 மைல். வழியில் ஏறி இறங்க இரண்டு பெரிய மேடுகள்.

கிளம்புவதற்கு முந்தின மாலை பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். நாடு முழுக்க லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். கேம்பரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, பிரேக் ஷூ எப்போது கடைசியாக அட்ஜஸ்ட் செய்தது என்று கேட்டார். அத்தான் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பெரியவர் வீட்டுக்குப் போய் ஜாக்கியும் ஒரு அட்டையும், நுனி வளைந்த தட்டையான கம்பி ஒன்றும் எடுத்துவந்தார்.

ஜாக்கியை அச்சுக்குக் கீழே கொடுக்கக் கூடாது, அச்சு வளைந்துவிடும். சட்டத்துக்குக் கீழேதான் கொடுக்க வேண்டும் என்றார். சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியதும் அட்டையைப் போட்டு மல்லாந்து படுத்தார். டிரம்முக்குப் பின்னாலிருக்கும் தகட்டின் அடிப்பக்கம் ஒரு ரப்பர் மூடி. அதைப் பிடுங்கினால் விரல் நுழையாத ஒரு பிளவு. அந்த வளைந்த கம்பியை உள்ளே விட்டுப் பல் பல்லாக எதையோ நெம்பினார். உள்ளே நட்சத்திரம் போலப் பல் வைத்த ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. அது சுழல இரண்டு ஷூக்களும் டிரம்மை நோக்கி விரியும். டயரைக் கையால் சுற்றச் சொன்னார். சுற்றினேன். நெம்பினார். மறுபடி சுற்றச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கடைசியில் இரண்டு கையும் போட்டும் டயர் அசைய மறுத்தது. இப்போது எதிர்ப்பக்கமாகப் பத்துப் பல் அளவுக்குத் தளர்த்தினார். சுற்றினால் டயர் தாராளமாகச் சுற்றியது. ஆனால் ‘ஸ்ஸ்’ என்று ஷூ லேசாக உரசும் சத்தம் கேட்டது. அந்த உரசல் இருக்க வேண்டும், அதற்கு மேல் இருக்கக் கூடாது என்றார். புதுப் பிரேக் என்றால் முதல் 200 மைலில் ஒருமுறை, பிறகு 3,000 மைலுக்கு ஒருமுறை இதைச் செய்வது வழக்கமாம். தானாகவே அட்ஜஸ்ட் ஆகும் பிரேக்குகள் இப்போது வருகின்றன. இந்தக் கேம்பருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான்கு சக்கரமும் முடியும்போது தெருவிளக்கு எரிந்துவிட்டது.

லாரிக்குக் காற்று பிரேக், காருக்கு எண்ணெய் பிரேக். இந்தக் கேம்பருக்கு மின்சார பிரேக். டிரம்முக்குள் ஒரு கையின் நுனியில் உள்ளங்கையில் அடங்கும் மின்காந்தம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் பிக்கப்பிலிருக்கும் கன்ட்ரோலர், ஏழு முனை பிளக்கின் நீல வயர் வழியாக அதற்கு மின்சாரம் அனுப்பும். காந்தம் சுழலும் டிரம்மின் உள்முகத்தோடு ஒட்டப் பார்க்கும். டிரம் அதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பில் கை அசைந்து ஷூக்களை விரிக்கும். காந்தம் ஒன்றுக்குச் சுமார் 3 ஆம்பியர், நான்குக்கும் சேர்த்து 12. பாட்டரி மின்சாரம் சாவியைத் திருப்புகிறது என்று சொல்லலாம், ஷூவை அழுத்தும் பலத்தைக் கொடுப்பது சுழலும் சக்கரமேதான். இந்த ஏற்பாட்டைக் கேட்டபோது எனக்கு அதன்மேல் மரியாதை வந்தது. ஓடுகிறவனின் வேகத்தை வைத்தே அவனை நிறுத்துகிறார்கள்.

எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்பதற்குத்தான் ‘கெயின்’ என்ற எண். பூஜ்யத்திலிருந்து பத்து வரை, அரை அரையாக ஏற்றலாம். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு பொத்தான், கூடவே ஒரு கைப்பிடி. கைப்பிடியை அழுத்தினால் பிக்கப்பின் பிரேக்கைத் தொடாமல் டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடிக்கும். காலையில் ஆளில்லாத ஒரு தொழிற்பேட்டைச் சாலைக்குப் போனோம். சமதளம், காய்ந்த தார். அத்தான் 25 மைல் வேகத்துக்கு வந்து கைப்பிடியை முழுக்க அழுத்துவார். கேம்பர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் வண்டி வேகம் குறைய வேண்டும். ஆனால் டயர் பூட்டிக்கொண்டு தேயக் கூடாது. பூட்டினால் எண் அதிகம், இழுப்பே தெரியாவிட்டால் எண் குறைவு. பூட்டுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்திவைப்பதுதான் கணக்கு. சின்ன கேம்பர்களில் பெரும்பாலும் ஏபிஎஸ் கிடையாது. டயர் பூட்டினால் பின்பக்கம் எந்தத் திசையில் போகும் என்று அதுவே தீர்மானித்துக்கொள்ளும். நான் ஜன்னலில் தலையை நீட்டி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 5, 6 எல்லாம் சவசவவென்றிருந்தன. 7 நன்றாகப் பிடித்தது.

“ஏழு. இனி தொடவேண்டியதில்ல மாப்ளே,” என்றார் அத்தான்.

வழியில் லாரிகள் எடை போடும் மேடையில் ஏற்றிப் பார்த்தோம். இங்கே அச்சுக்குத் தனித்தனி மேடை இருப்பதால் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என்று மூன்று எடையும் பிரித்தே சீட்டில் வரும். கேம்பர் 7,000 பவுண்டுக்குச் சற்றே குறைவு. அதில் கொக்கியின்மேல் அழுந்துவது 850. மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் இருந்தால் வண்டி ஒழுங்காக வரும், அதற்குக் குறைந்தால் வால் ஆட்டும். நமக்குப் பன்னிரண்டு. அக்கா சாமான் அடுக்கியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

டென்வரை விட்டதும் மலை எழுந்து நிற்கிறது. 1859இல் தங்கம் கிடைத்த ஐடஹோ ஸ்பிரிங்ஸ், வெள்ளிச் சுரங்க ஊரான ஜார்ஜ்டவுன் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே வந்து போயின. ஏற்றத்தில் எஞ்சின் உறுமுவதைத் தவிரக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஏற்றத்தில் எது தப்பாகப் போனாலும் வண்டி மெதுவாகும், அவ்வளவுதான்.

ஐசன்ஹோவர் - ஜான்சன் சுரங்கம் இரட்டைக் குழாய். மேற்கே போகும் குழாய் 1973இலும் கிழக்கே வரும் குழாய் 1979இலும் திறக்கப்பட்டன. 1.7 மைல் நீளம், மேற்கு வாயில் 11,158 அடி உயரத்தில். கண்டத்தின் நீர்ப்பிரிகோடு தலைக்கு மேலே ஓடுகிறது: நுழையும் பக்கத்தில் பெய்யும் மழை அட்லாண்டிக் பக்கம் போகும், வெளியேறும் பக்கத்து மழை பசிபிக் பக்கம். பெட்ரோல் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றிய லாரிகளை வழக்கமாக உள்ளே விடுவதில்லை. அவை 11,990 அடி உயர லவ்லேண்ட் கணவாயைச் சுற்றித்தான் போக வேண்டும். மஞ்சள் விளக்கு வரிசை முடிந்து வெளிச்சத்துக்கு வந்த உடனே அறிவிப்புப் பலகை: 7 சதவீத இறக்கம்.

ஸ்ட்ரெய்ட் கிரீக் ஓடைக்குப் பக்கமாகச் சாலை கீழே போகிறது. சில்வர்தார்ன் வரை 8 மைலில் 2,000 அடிக்கு மேல் இறக்கம். பிக்கப்பும் கேம்பரும் சேர்ந்து 6 டன். உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டேன். 6 டன் 2,000 அடி இறங்கினால் வெளிவரும் ஆற்றல் ஏறக்குறைய 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அத்தனையும் பத்து நிமிஷத்தில் சூடாகி எங்கேயாவது போயாக வேண்டும்: கொஞ்சம் காற்றில், கொஞ்சம் எஞ்சினில், மிச்சம் பிரேக்கில்.

அத்தான் சுரங்கத்துக்குள்ளேயே சுமை இழுக்கும்போது போடும் டோ-ஹால் பொத்தானைப் போட்டுக் கீழ் கியருக்கு வந்திருந்தார். எஞ்சின் கத்தியது. கத்தட்டும் என்றார். 45 மைல் வரை ஓடவிட்டு, ஒரே அழுத்தாக மிதித்து 40க்குக் கொண்டுவந்து, காலை எடுத்துவிடுவார். மறுபடி 45, மறுபடி ஒரு மிதி. பயத்தில் பெடல்மேல் காலை வைத்துக்கொண்டே இறங்குகிறவர்களின் பிரேக்தான் முதலில் போகும். டிரம் சூடாகி விரிந்து ஷூவை விட்டு விலகும். உரசும் பொருளின் பிடிப்பு குறையும். மின்சார பிரேக்கில் காந்தச் சுருளும் சூடேறி மின்சாரத்தைக் குறைவாக ஏற்கும். மூன்றும் ஒரே நேரத்தில் கைவிடும்.

எங்களுக்கு முன்னால் ஒரு லாரி அபாய விளக்கு மினுங்க ஊர்ந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டும்போது மூடிய ஜன்னலையும் மீறிக் கருகல் வாடை. வலப்பக்கம் சாலையிலிருந்து பிரிந்து மேல்நோக்கி ஏறும் ஒரு சரளைக்கல் பாதை வந்தது. பிரேக் போன லாரிகள் அதில் ஏறினால் சரளையில் புதைந்து நிற்கும். இந்த ஒரே இறக்கத்தில் அப்படி இரண்டு. நாங்கள் கடந்த முதல் பாதையின் சரளையில் ஆழமான இரண்டு தடங்கள் பாதி தூரம் போய் நின்றிருந்தன. வண்டியில் யாரும் எதுவும் பேசவில்லை.

“டீ போட எங்கயாவது நிப்பாட்டுங்க,” என்றாள் அக்கா.

சில்வர்தார்னில் ஒரு கடையின் விசாலமான பார்க்கிங்கில் ஓரமாக நிறுத்தினோம். பெரியவர் கொடுத்தனுப்பிய சாமான்களில் தூரத்திலிருந்தே சூடு பார்க்கும் துப்பாக்கி மாதிரியான தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. இறக்கம் முடிந்ததும் நான்கு டிரம்மையும் சுட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார். எண் எவ்வளவு என்பது முக்கியமில்லை, நான்கும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார் என்பது அவர் பாடம். வலது முன் 210 டிகிரி ஃபாரன்ஹீட். வலது பின் 225. இடது முன் 205. இடது பின் 96.

அத்தான் தெர்மாமீட்டரைத் தட்டிவிட்டு மறுபடி சுட்டார். 95.

ஒரு டிரம் மட்டும் மிகச் சூடாக இருந்தால் ஷூ உரசிக்கொண்டே வருகிறது, அல்லது பேரிங் போகிறது என்று அர்த்தம். ஒன்று மட்டும் ஆறிக்கிடந்தால் அது வேலையே செய்யவில்லை. அத்தனை இறக்கமும் மூன்று சக்கரப் பிரேக்கில் வந்திருக்கிறோம். டாஷ்போர்டில் என்னவோ ‘டிரெய்லர் இணைந்துள்ளது’ என்று பச்சையாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. இந்த கன்ட்ரோலருக்கு மின்சாரம் ஏதோ ஒரு காந்தத்துக்குப் போனால் போதும். எத்தனை காந்தம் என்று அது எண்ணுவதில்லை. முந்தின மாலை நாங்கள் கையால் சுற்றிப் பார்த்ததிலும் இது தெரிய வழியில்லை. ஷூ உரச மின்சாரம் தேவையில்லையே.

சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்துவிட்டு அத்தான் கீழே ஊர்ந்தார். நானும் டார்ச்சோடு பின்னால் போனேன். கேம்பரின் அடிவயிறு முழுக்க மூன்று மாநிலத்துச் சேறு. அச்சோடு கட்டி வந்த இரண்டு வயர்கள், டிரம்மின் பின்தகட்டிலிருந்து வரும் இரண்டு வயர்களோடு சேரும் இடத்தில், நீல பிளாஸ்டிக் போட்டு நசுக்கிய இணைப்பு. ஒன்று கெட்டியாக இருந்தது. இன்னொன்றில் வயர் வெளியே நழுவி, செம்பு நுனி பச்சை பூத்து, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எந்தக் குலுக்கலில் எப்போது கழன்றதோ.

அத்தான் நுனியை வெட்டி, புதிதாகத் தோலுரித்து, வேறு இணைப்புப் போட்டு நசுக்கி, டேப் சுற்றி, அச்சோடு சேர்த்து இறுக்கமாகக் கட்டினார். இந்தக் காந்தத்துக்கு எந்த வயர் எதோடு என்ற வித்தியாசம் கிடையாது, மாற்றிக் கொடுத்தாலும் பிடிக்கும். பிறகு அக்காவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துக் கைப்பிடியை அழுத்தச் சொன்னோம். அத்தான் தன் போனில் திசைகாட்டியைத் திறந்து சக்கரத்தின் நடுவில் காட்டினார்.

“அழுத்து.”

முள் சரேலென்று ஒரு பக்கம் திரும்பியது. டிரம்முக்குள்ளிருந்து ‘ம்ம்ம்’ என்று மெல்லிய ரீங்காரம்.

“விடு.”

முள் வடக்குக்குத் திரும்பியது.

“எத்தனை தடவைதான் அழுத்தறது, டீ ஆறுது,” என்று மேலேயிருந்து குரல் வந்தது.

டீ குடித்துக்கொண்டே பெரியவருக்குப் போன் போட்டார் அத்தான். அவர் சிரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: கெயினைக் குறைத்தாயா? அதுதான் விஷயம். ஏழு என்ற எண்ணை நாங்கள் மூன்று சக்கரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்திருந்தோம். ஊமையாக இருந்த நான்காவதும் சேர்ந்தால் அதே ஏழு அதிகம். ஊருக்கு வெளியே காலியான ஒரு சாலையில் 25 மைலில் கைப்பிடியை அழுத்திப் பார்த்தபோது டயர்கள் கிறீச்சிட்டுப் பூட்டிக்கொண்டன. தார்மேல் கறுப்புக் கோடு. 6இலும் கொஞ்சம் தேய்ந்தது. 5.5இல் எல்லாம் இணக்கமாக வந்து நின்றது. ‘இனி தொடவேண்டியதில்ல’ என்ற வசனத்தை இந்த முறை அத்தான் சொல்லவில்லை.

அடுத்த மேடு வெயில் கணவாய், 10,662 அடி. மாநில நெடுஞ்சாலைப் பொறியாளராக இருந்த சார்லஸ் வெயிலின் பெயர். மேற்கு இறக்கம் இதுவும் 7 சதவீதம், வளைவுகள் வேறு. இங்கும் இரண்டு சரளைப் பாதைகள். ஆனால் பிரேக் மிதிக்கும்போது வண்டியின் நடத்தை மாறியிருந்தது. காலையில் மிதித்தபோதெல்லாம் பின்னாலிருந்து யாரோ முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளும் உணர்வு இருந்தது. அது கேம்பரின் இயல்பு என்றே நினைத்திருந்தோம். இப்போது அந்தத் தள்ளல் இல்லை. கீழே வந்து சுட்டுப் பார்த்தால் நான்கும் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் இருந்தன. சரிவெல்லாம் ஆஸ்பென் மஞ்சள். அப்போதுதான் மரங்களைப் பார்க்கவே மனம் வந்தது.

கிளென்வுட் பள்ளத்தாக்கைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். கொலராடோ ஆறும் ரயில் பாதையும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த இடுக்கில் நான்கு வழிச் சாலையைத் தூண்கள்மேல் அடுக்கி 1992இல் முடித்திருக்கிறார்கள். பாறைச் சுவருக்கும் ஆற்றுக்கும் நடுவே பன்னிரண்டு மைல். வேகமாகப் போக விடமாட்டார்கள், போகவும் தோன்றாது.

டி பெக் பள்ளத்தாக்குப் பக்கம் காற்று பலமாக அடித்தது. ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டிப் போனபோது கேம்பர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. இங்கே கால் பிரேக்கை மிதிப்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் புத்தி, அதுதான் ஆபத்தும்: முன்வண்டி வேகம் குறைந்து பின்வண்டி அதைத் திருகித் தள்ளும். அத்தான் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டு, கைப்பிடியை மட்டும் லேசாக அழுத்தினார். பின்னால் வரும் வண்டி மட்டும் பின்னுக்கு இழுத்தது; கயிறு விறைத்தது மாதிரி இரண்டும் ஒரே கோட்டுக்கு வந்தன. அந்தக் கைப்பிடியை அளவு பார்க்க மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தால் அது தப்பு.

ஃபுரூட்டாவில் ஆற்றோர முகாமில் இடம் கிடைத்தது. சிவப்புப் பாறைகளைப் பார்க்கப் போகும்போது கேம்பரைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் பிக்கப்பில் போனோம். முகாமில் மாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அக்கம்பக்கத்துக்காரர்கள் வந்து எஞ்சின், இழுவை, மைலேஜ் எல்லாம் பேசினார்கள். அத்தான் தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டினார். பக்கத்துக் கேம்பர்க்காரர் அதை இரவல் வாங்கிப்போய் மறுநாள் திருப்பித் தந்தார். தன்னுடையதில் ஒரு டிரம் மட்டும் எப்போதும் சூடாக இருக்கிறது என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

திரும்பும்போது தொட்டிகளையெல்லாம் காலி செய்துவிட்டுக் கிளம்பினோம். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 காலன் போனால் 330 பவுண்டுக்கு மேல் குறையும். முகாமை விட்டு வெளியே வந்ததும் அத்தான் மறுபடி 25 மைல், மறுபடி கைப்பிடி. 5.5இல் ஒரு டயர் பூட்டப் பார்த்தது. 5க்கு இறக்கினார். வெயில் கணவாயில் தூறல் பிடித்தது, 4.5. மறுபக்கம் காய்ந்த சாலை, மறுபடி 5.

கிழக்கு நோக்கி வரும்போது கடைசிக் கண்டம் ஜெனசி என்ற ஊரைத் தாண்டிய இறக்கம். அங்கே திடீரென்று மலை விலகி, டென்வரும் அதற்கப்பால் முடிவில்லாத சமவெளியும் தெரியும். வந்து சேர்ந்துவிட்டோம் என்று எவருக்கும் தோன்றும். அதற்காகவே மஞ்சள் பலகைகள் வைத்திருக்கிறார்கள்: லாரிக்காரர்களே ஏமாறாதீர்கள், இன்னும் 4 மைல் செங்குத்தான இறக்கம், வளைவுகள். கொஞ்சம் தள்ளி இன்னொன்று, நீங்கள் இன்னும் கீழே வரவில்லை என்று. அரசாங்கம் இவ்வளவு உரிமையோடு பேசி நான் வேறெங்கும் படித்ததில்லை. அத்தான் கீழ் கியரிலேயே வந்தார்.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் மாஸ்கிங் டேப் துண்டு ஒன்றைக் கிழித்து டாஷ்போர்டில் ஒட்டி எழுதினார்: தொட்டி நிறைந்தால் 5.5, காலி 5, மழை 4.5, கிளம்புமுன் நான்கிலும் திசைகாட்டி. அக்கா பேனாவை வாங்கி அடியில் ஒரு வரி சேர்த்தாள்: கேஸ் மூடியாச்சா.